குதிரைவலு ஆருக்கு, கடன் ஆருக்கு?

பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றைச் சுற்றி எங்கட வயதுப் பெடியள் மூன்று பேர் நின்றால், ஐந்து நிமிடத்துக்குள் ஒருத்தன் கட்டாயம் கேட்பான்: "மச்சான், இதுக்கு ஒரு 1கேஇசட் இறக்கினால் எப்பிடி இருக்கும்?" மற்ற இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். அந்தப் பிக்கப்பை ஓட்டி வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிற மனிசன் பக்கத்தில்தான் நிற்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பெடியளுக்கு எதிரானது. அந்தப் பெடியள் வேறு யாரும் இல்லை, நாங்கள்தான்.

எங்களில் ஒருவரின் அப்பா கிளிநொச்சிப் பக்கம் தோட்டம் செய்கிறவர். வீட்டில் 1990களின் தொடக்கத்து ஹைலக்ஸ் ஒன்று நிற்கிறது. 2எல் டீசல் எஞ்சின். பப்பாசி, பூசணி, கத்தரி என்று விளைகிறதை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வரும். அந்த எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கி, விடிய இரண்டு பேர் தள்ளினால்தான் ஸ்டார்ட் வரும் என்ற நிலைக்கு வந்தது. எஞ்சின் மாற்றுவது என்று முடிவான நேரம், கம்பஸ் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் அந்த வீட்டில் நின்றோம்.

கராஜ் அண்ணை சொன்னது ஒரே வசனம்: "3எல் ஒண்டு தேடுவம், இருக்கிற கியர்பொக்ஸிலயே பூட்டலாம்." அப்பாவுக்கும் அதுதான் விருப்பம். நாங்கள் சிரித்தோம். 90 குதிரைவலுவை வைத்து என்ன செய்கிறது? ஃபோனை எடுத்து வீடியோ காட்டினோம். தாய்லாந்தில், அவுஸ்திரேலியாவில், டேர்போ விசிலடிக்க மலை ஏறுகிற பிக்கப்புகள். அப்பா வீடியோவை விட எங்களைத்தான் கூடப் பார்த்தார். "படிக்கிற பிள்ளையள் சொல்லீனம், சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது. 1கேஇசட் வந்தது.

நாலு மாதம் நல்லாகத்தான் ஓடியது. ஐந்தாவது மாதம், ஏ9 வீதியில் கனகராயன்குளம் தாண்டி, முழு லோட் பப்பாசியோடு வெப்பமுள் மேலே ஏறியது. ஹெட் வெடித்துவிட்டது. வெயிலில் நின்ற பப்பாசி அன்று பின்னேரமே விலைக்கு உதவாமல் போனது. அன்றிரவு ஃபோனில் அப்பா எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் இந்தக் கட்டுரை வந்திராது.

எஞ்சினில் மட்டும் பிழை சொல்ல முடியாது. பூட்டும்போதே கராஜ் அண்ணை சொன்னவர்: "ரேடியேற்றர் காணாது, பெரிசு போடவேணும்." காசு முடிந்துவிட்டது, பிறகு பார்ப்பம் என்று சொன்னது நாங்கள். 2எல் எஞ்சினுக்கென்று செய்த ரேடியேற்றரை வைத்துக்கொண்டு டேர்போ எஞ்சினை லோட்டோடு ஓடவிட்டோம். சூடேறினால் ஹெட் வெடிக்கிறது 1கேஇசட்டின் பெயர்போன வருத்தம். கராஜ்காரர் எல்லாருக்கும் தெரிந்த விசயம் அது. நாங்கள் பார்த்த வீடியோ ஒன்றிலும் அது இல்லை.

ஆகவே எங்கட வாதம் இதுதான்: உழைக்கிற வாகனத்துக்கு எஞ்சின் தெரிவு செய்யும்போது குதிரைவலு கடைசியாகப் பார்க்கவேண்டிய விசயம். அந்த எஞ்சினை எங்கட ஊரில் யார் திருத்துவார், அதன் சாமான் எந்தக் கடையில் கிடைக்கும், அதைச் சுற்றி இன்னும் என்னென்ன மாற்றவேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் எஞ்சின் பெயர் சொல்லுகிறவன் வேறொருத்தரின் காசில் விளையாடுகிறான்.

கணக்கைப் பாருங்கள். 2எல் 2446 சிசி, 3எல் 2779 சிசி, 5எல் 2986 சிசி. மூன்றும் ஒரே குடும்பம். 2எல் இருந்த இடத்தில் 3எல் பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் இருக்கும். 1கேஇசட் 2982 சிசி. கொள்ளளவில் 5எல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் டேர்போவிலும், கொம்பியூட்டர் கட்டுப்படுத்துகிற டீசல் பம்பிலும், அதனால் கூடுகிற சூட்டிலும்தான். முறுக்குவிசை 2எல்லில் 165 நியூட்டன் மீற்றர் அளவு, 3எல்லில் 190க்குக் கிட்ட. 1கேஇசட்டில் அது 290 வரை போகும். அந்த 290ஐத் தாங்கவேண்டியது யார்? 165க்கென்று செய்த கிளச், கியர்பொக்ஸ், 30 வருசப் பழைய பிறேக். வேகம் கூடின வாகனத்தை நிப்பாட்டுகிறது எஞ்சின் இல்லை என்பதை வீடியோ போடுகிறவர் சொல்லமாட்டார்.

1கேஇசட் கூடாத எஞ்சின் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதற்கென்று செய்த வாகனத்தில், அதற்குரிய ரேடியேற்றரோடு அது நல்ல எஞ்சின். கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் எஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள். முன்பக்கத்தை அப்படியே வெட்டி இறக்குகிற ஹாஃப் கட்டாக வாங்குங்கள். கொம்பியூட்டர், வயரிங், ரேடியேற்றர் எல்லாம் சோடியாக வரும். அதற்குக் காசு காணாது என்றால், அந்த எஞ்சினுக்கே உங்களிடம் காசு காணாது என்றுதான் அர்த்தம். நாங்கள் இதைத்தான் விளங்கிக்கொள்ள மறுத்தோம்.

இனி ஒரு சொல்லைப் பற்றி. "ரீகண்டிஷன்." அந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதுசாக்கித் தந்த மாதிரி இருக்கும். எங்கட நாட்டில் அதற்குப் பெரும்பாலும் அந்த அர்த்தமே இல்லை. யப்பானில் ஓடி முடிந்த வாகனத்தில் இருந்து கழற்றி, கழுவி, கப்பலில் ஏற்றியது என்பதுதான் அர்த்தம். சில கடையில் மேலால் சில்வர் பெயின்ற் அடித்திருப்பார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் சரி, ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, இதை "பாவிச்ச எஞ்சின்" என்று சொல்லியே விலை கேளுங்கள். சொல் மாறினால் பேரம் பேசுகிற விதமும் மாறும்.

பாவித்த எஞ்சின் என்றால் சோதிக்கவேண்டும். கடைக்காரர் "யப்பான் சாமான் தம்பி, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லுவதைச் சோதனை என்று எடுக்க முடியாது. நாங்கள் பிறகு கராஜ் அண்ணையிடம் படித்ததை எழுதுகிறோம்.

முதலாவது, போனவுடன் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று வாங்காதீர்கள். நீங்கள் வர முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். தேய்ந்த டீசல் எஞ்சினின் குணம் குளிரில் எழும்பும்போதுதான் வெளிக்கும்.

இரண்டாவது, ஓடுகிற எஞ்சினில் ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றுங்கள். கொஞ்சம் காற்று வருவது இயல்பு. புகைபோக்கி மாதிரிக் குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் படிந்திருந்தால் ஒயிலோடு தண்ணி கலந்திருக்கலாம். விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, புகை. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. கருப்பு என்றால் டீசல் கூடப் போகிறது, அல்லது காற்றுக் குறைவு. சூடேறின பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கொம்பிரஷன், இன்ஜெக்டர், ஹெட் மூன்றிலும் சந்தேகப்படுங்கள்.

நாலாவதுதான் முக்கியமானது: கொம்பிரஷன் அளவு. டீசல் எஞ்சினுக்குரிய கேஜை ஹீற்றர் பிளக் துவாரத்தில் பூட்டி ஒவ்வொரு சிலிண்டராக எடுக்கவேண்டும். 2எல், 3எல் எஞ்சின்களில் நல்ல நிலை என்றால் 450 பிஎஸ்ஐ அளவு வரும். 285க்குக் கீழே போனால் அது எல்லை தாண்டின எஞ்சின். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 70ஐத் தாண்டக்கூடாது. இதற்கு ஒரு மெக்கானிக்கின் அரைநாள் கூலி போகும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் நாங்கள் அம்மாவின் காப்பைத் தொலைத்தோம்.

பிறகு, எஞ்சின் இலக்கம். புளொக்கில் அடித்திருக்கிற இலக்கத்தைக் கண்ணால் பார்த்து, பில்லிலும் இறக்குமதிக் கடதாசியிலும் அதே இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். "அதை ஆர் பாக்கப்போறாங்கள்" என்று விடுகிறவர்கள், விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரர் போனெற்றைத் திறக்கும்போது பார்ப்பார்கள். எந்த எஞ்சின் வாங்கினாலும் பூட்ட முதல் ரைமிங் பெல்ற்றை மாற்றுங்கள். எல் குடும்பத்துக்கு 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றவேண்டியது அது. பாவித்த எஞ்சினில் அது எத்தனை ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அறுந்தால் வால்வு வளையும். 5எல் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அதில் பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ளதும் இருக்கிறது, கொம்பியூட்டர் உள்ளதும் இருக்கிறது.

எதிர்வாதங்கள் வரும். முதலாவது: "புது கொமன்றெயில் எஞ்சின் டீசல் குறைய குடிக்கும். நீங்கள் ஏன் பழசையே பிடிச்சுத் தொங்கிறியள்?" குறைய குடிக்கும், உண்மைதான். 2022 யூனில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய் விற்ற நாட்டில் அது சின்ன விசயம் இல்லை. ஆனால் அதே 2022இல் நாங்கள் டீசலை எதில் வாங்கி வைத்தோம்? கானில், பழைய பரலில். அந்த ஊத்தை டீசலை மெக்கானிக்கல் பம்ப் ஓரளவுக்குப் பொறுக்கும். கொமன்றெயில் இன்ஜெக்டர் பொறுக்காது. நாலு இன்ஜெக்டரை மாற்றுகிற நாளில், மிச்சம் பிடித்த டீசல் காசு எல்லாம் ஒரேயடியாகப் போகும்.

இரண்டாவது: "பழைய எஞ்சின் புகை கக்கும், சூழல் கெடும்." இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. 3எல் சுத்தமான எஞ்சின் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் இதைச் சொல்லுகிறவர் அதே வாயால் டேர்போவுக்குப் பம்பைக் கூட்டிவைத்துக் கரும்புகை தள்ளுகிற வீடியோவுக்கு லைக் போடுகிறவராக இருக்கக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் திறந்த பிறகும் வரியோடு வருகிற விலை தோட்டக்காரருக்கு எட்டாது. புது வாகனம் வாங்க வழியில்லாத மனிசனுக்குச் செய்யக்கூடியது, நல்ல கொம்பிரஷனும் சரியான இன்ஜெக்டரும் உள்ள எஞ்சினைப் போட்டு வருசா வருசம் புகைப் பரிசோதனையில் நேர்மையாகத் தேறுவதுதான்.

மூன்றாவது எதிர்வாதம் எங்களுக்குள் இருந்தே வந்தது: "ஆர்ட்ஸ் படிக்கிற எங்களுக்கு ஏன் இந்த வேலை? நாங்கள் படத்தைப் பற்றி, புத்தகத்தைப் பற்றி எழுதுவம்." இதில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல், ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கதையை நாங்கள் கவியரங்கில் பெருமையாகச் சொல்லுவோம். அந்த அறிவின் தொடர்ச்சியாக இன்றைக்கும் ஒயில் கையோடு நிற்கிற மனிசன் "3எல் போடுவம்" என்றால் சிரிப்போம். அவர் சொன்னதில் பெரிய கணக்கு இருந்தது. டொல்பின் ஹயஸ் வான் ஓடின ஊர் எல்லாவற்றிலும் 3எல் சாமான் கிடைக்கும். மாங்குளத்தில் நின்றுபோனாலும் அதைத் தொட்டுப் பழகின ஒரு கை இருக்கும். எங்களிடம் இருந்தது இணையம். அவரிடம் இருந்தது முப்பது வருசம். அப்பா எங்களை நம்பினார், ஏனென்றால் நாங்கள் கம்பஸ். அந்த நம்பிக்கையை நாங்கள் உழைத்துப் பெறவில்லை.

இப்போது அந்தப் பிக்கப்பில் 3எல் ஓடுகிறது. இந்த முறை கேஜ் பூட்டிப் பார்த்துத்தான் வாங்கினது. நாலு சிலிண்டரும் 400க்கு மேலே. ரேடியேற்றர் புதுசு, பெல்ற் புதுசு. ஏற்றத்தில் மெல்லத்தான் ஏறும். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடிக்கும். அப்பா ஓரமாக எடுத்து வழிவிடுவார். அடைவுக் காசில் எங்கட பங்கை மஹாபொலவில் இருந்து மாதம் மாதம் கொடுக்கிறோம். இன்னும் முடியவில்லை.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை யாரும் எஞ்சின் மாற்றப் போகிறோம் என்றால், எஞ்சின் பெயர் சொல்ல முதல் அந்த வாகனத்தை ஓட்டுகிறவரிடம் என்ன ஏற்றுகிறார், எவ்வளவு தூரம் போகிறார், எங்கே திருத்துகிறார் என்று கேளுங்கள். உங்கட ஊர்க் கராஜில் ஒரு பின்னேரம் போய் நின்று, அவர்கள் சொல்லுகிறதைத் தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். படம் விமர்சனம் போடுகிற அதே இடத்தில் அதையும் போடுவோம்.