அட்டைப்பெட்டிக்குள் விடியற்காலை

கண்காட்சிக்காக மாணவர்கள் அட்டைப்பெட்டிக்குள் தோட்ட லயம் ஒன்றைச் செய்தனர். விடியுமுன் உள்ள இருட்டு வேண்டுமென்று உள்ளே முழுக்கக் கறுப்புச் சாயம் பூசிவிட்டனர். லயமும் தெரியவில்லை, பால்மரமும் தெரியவில்லை!

பிள்ளைகளே, இரவு கறுப்பு அன்று. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் மங்கும்; நீலம் நிலைக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே செக் அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்துச் சொன்னார்.

ஆகவே பின்சுவருக்குக் கருநீலம் பூசுங்கள். மூடியில் துளையிட்டு, டார்ச் லைட்டை நீலக் கண்ணாடித்தாளால் மூடி மேலிருந்து காட்டுங்கள். லயத்தில் ஒரே ஒரு சன்னலுக்கு மஞ்சள் தாள் ஒட்டி, உள்ளே சிறு பல்பு வையுங்கள்.

மற்ற வீடுகள் இருட்டாகவே இருக்கட்டும். முதலில் எழுந்து, சோறு பொங்கிவிட்டு, பால்மரம் வெட்டப் புறப்படும் தாயின் விளக்கு அது. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள்? உங்கள் பாட்டியைக் கேளுங்கள்.