எல்லாம் அந்தம்மா வேலையா?

தர்மபுரி பக்கம் நல்லம்பள்ளி ஆட்டுச்சந்தையில் விலை படியும்வரை டீ குடித்து நிற்பவர்களிடம் அரசியல் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஊர்த் தலைவரோ, நாட்டுத் தலைவரோ, பெயரைக் கெடுத்துக்கொண்டவர் யாரானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "அவரு தங்கமான மனுசன், எல்லாம் அந்தம்மா வேலை." ஆணின் குற்றத்தை மனைவியின் முந்தானையில் முடிந்துவிடும் இந்தச் சாமர்த்தியம் கடல் கடந்தும் உண்டு. மெக்சிகோ அதிபராக இருந்த விசென்டே ஃபாக்ஸின் மனைவி மார்த்தா சகாகுன் அடுத்த அதிபராகப் பார்க்கிறார் என்று பேச்சு கிளம்பி, போட்டியிடமாட்டேன் என்று 2004இல் அவரே அறிவிக்க வேண்டிவந்தது. அவருக்குச் செல்வாக்கு இருந்தது உண்மை. கதவைத் திறந்துவிட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

நம் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987 டிசம்பர் 24இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மறைந்தார், ஜனவரி 7இல் ஜானகி முதலமைச்சர். பதவி ஆசை பிடித்த மனைவி என்று இன்றும் சொல்கிறார்கள். அவரை முன்னிறுத்தியவர்கள் அ.தி.மு.க. அமைச்சர் ஆர்.எம்.வீரப்பனும் அவர் பக்கம் நின்ற எம்.எல்.ஏ.க்களும். கட்சியில் எதிரணியாக நின்ற ஜெயலலிதாவைத் தடுக்க அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஜனவரி 28இல் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்துக்குள்ளேயே போலீஸ் தடியடி; இரண்டே நாளில் ஆட்சி கலைந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே 1984இல் எம்.ஜி.ஆர். வென்ற ஆண்டிப்பட்டியில், 1989இல் ஜானகி தோற்றார். அவர் அணிக்குக் கிடைத்தது 2 இடம். தலைவரை ஆட்டிவைத்த சூத்திரதாரி என்றால் இவ்வளவுதானா கைவரிசை? தோற்றபின் அரசியலை விட்டே விலகினார். முன்னே தள்ளியவர்கள் அரசியலிலேயே இருந்தார்கள்.

மனைவியே தலைவராக இருக்கும் இடத்தைப் பாருங்கள், நியாயம் தலைகீழாகும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டமானது. 2019 டிசம்பரில் தர்மபுரி மாவட்டமும் வாக்களித்தது. தனக்குக் கிடைக்காத இடத்தில் மனைவியை நிறுத்திய கணவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. வென்றபின் கிராமசபையில் மைக் கணவர் கையில். அந்தம்மா நாற்காலி நுனியில் அமர்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். "பிரசிடெண்டு வந்துட்டாரு" என்று ஊர் எழுந்து நிற்பது வேட்டிக்கு. "எல்லாம் அந்தாளு வேலை" என்று ஒரு வாய் முணுமுணுக்காது. மனைவி குரல் கொடுத்தால் தலையீடு, கணவன் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒத்தாசை!

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார்கள். ஒப்பந்தக்காரரோடும் அதிகாரியோடும் பேச விடாமல் ஐந்து வருடம் வைத்திருந்தால் எப்படித் தெரியும்?

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கணக்கு இடித்தால் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் ஆட்சியர் நீக்குவது தலைவரைத்தான். நோட்டீஸ் அந்தம்மா பெயருக்கே வரும். அன்றைக்கும் சந்தையில் அதே தீர்ப்புதான் சொல்வார்கள்.