மேல்மாடத்தில் அமர்த்தப்பட்டவர்கள்

'முதலில் பெரிய போராட்டம் முடியட்டும். உங்கள் பிரச்சினையைப் பிறகு பார்ப்போம்.' சமூகநீதி இயக்கங்கள் தம்முள் இருக்கும் பெண்களுக்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் காலங்காலமாகச் சொல்லிவரும் சமாதானம் இது. இதனைச் சாணக்கியம் என்பாரும் உளர். வரலாறு அவர்களுக்குச் சாட்சி சொல்லாது.

1963 ஓகஸ்ட் 28 அன்று வொஷிங்டனில் சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை உலகம் அறியும். அப்பேரணியை ஒழுங்கமைத்த பேயார்ட் ரஸ்டினை எத்தனை பேர் அறிவர்? அவர் கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். அக்காரணத்தால் 1953 இல் கலிபோர்னியாவில் சிறைத்தண்டனை பெற்றவர்.

1960 இல், கிங்கையும் ரஸ்டினையும் இணைத்து வதந்தி பரப்பப்போவதாக மிரட்டியவர் வெள்ளை இனவாதி அல்லர். அடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினரே அவர். கிங் பணிந்தார், ரஸ்டின் விலகினார். இயக்கம் தன் ஒப்பற்ற அமைப்பாளரைத் தானே இழந்தது.

1963 இல் பேரணிக்குச் சில வாரங்களே இருக்கையில், இனவாதியான ஸ்ட்ரோம் தேர்மண்ட் அதே ஆயுதத்தைச் செனற் சபையில் எடுத்தார். இம்முறை முதுபெரும் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ரன்டொல்ஃப் ரஸ்டினைக் கைவிடவில்லை. ஆயுதம் மழுங்கியது. பேரணி வென்றது. நாம் அஞ்சும்வரைதான் அவதூறுக்குப் பலம்.

ஆனால், அதே ரன்டொல்ஃப் பெண்கள் விடயத்தில் தடுமாறினார். பேரணியின் பிரதான பேச்சாளர்களுள் ஒரு பெண்ணும் இல்லை. ஏற்பாட்டுக் குழுவிலிருந்த ஒரே பெண்ணான அன்னா ஹெட்ஜ்மன் ஆட்சேபித்தும் பயன் சொற்பமே. பேரணிக்கு முன்னதாக ரன்டொல்ஃப் உரையாற்றிய தேசிய பத்திரிகையாளர் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்காதது. பெண் நிருபர்கள் மேல்மாடத்திலிருந்தே செய்தி சேகரிக்க வேண்டும். கறுப்பினச் சட்டத்தரணி பாலி மரே இதனைக் கண்டித்து ரன்டொல்ஃபுக்கு எழுதினார். பஸ்ஸின் பின்னிருக்கையை எதிர்த்தவர்களுக்கு மேல்மாடம் உறுத்தவில்லை! அக்கழகம் பெண்களுக்குக் கதவு திறந்தது 1971 இல். என் தொழிலுக்கே இது தலைகுனிவு.

ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் பிறர்மீதான ஒடுக்குமுறையை உணர்ந்துவிடுவதில்லை. கறுப்பினப் பெண் ஒருத்தியால் தன் நிறத்தைப் பேரணிக்கு அனுப்பிவிட்டுத் தன் பால்நிலையை வீட்டில் விட்டுவர முடியுமா? அவளை இரண்டாகப் பிளக்கச் சொல்லும் இயக்கம் அவளது பாதி விடுதலைக்கு மட்டுமே உரியது.

1953 ஆம் ஆண்டுத் தண்டனைக்காக ரஸ்டினுக்குக் கலிபோர்னியா மன்னிப்பு வழங்கியது 2020 இல். அவரோ 1987 இலேயே மறைந்துவிட்டார்.

'பிறகு பார்ப்போம்' என்பதன் நீளம் 67 ஆண்டுகள்.