திறப்பைக் கேட்கும் திருடன்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பிய வயல்களுக்கு நடுவே இருக்கிறது முரசுமோட்டை. காலபோக அறுவடை முடிந்தால் நெல் விற்ற காசு வீடுகளுக்கு வந்து சேரும். முன்பு அந்தக் காசு பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்தின் திறப்பு வீட்டுப் பெரியவளின் சேலைத் தலைப்பு முடிச்சில் இருந்தது. இன்றோ காசு வங்கிக் கணக்கில் இருக்கிறது. திறப்பு கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. திறப்பு இடம் மாறிவிட்டது. அதைக் காக்கும் பழக்கம் நம்மிடம் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

அண்மையில் அவ்வூரில் ஒரு வீட்டு விறாந்தையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, வீட்டுப் பெரியவரின் தொலைபேசி ஒலித்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல். கணக்கு இன்று மாலையுடன் முடக்கப்படுமாம். தடுக்க வேண்டுமானால், இப்போது வந்து சேரும் ஆறு இலக்கங்களை உடனே சொல்ல வேண்டுமாம். பெரியவர் பதறிப்போய்க் கண்ணாடியைத் தேடினார். உயர்தர வகுப்பிற் படிக்கும் பேர்த்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"அப்பு, சொல்லாதேயுங்கோ! வங்கிக்காரர் அந்த இலக்கத்தைக் கேட்கமாட்டினம்."

"நல்ல மரியாதையாய்த்தானே கதைச்சவர், பிள்ளை" என்றார் பெரியவர்.

அவருடைய காசு தப்பியது. ஆனால் அயலில் வேறொரு வீட்டில் கண்ணாடி உடனே அகப்பட்டுவிட்டது. பேர்த்தியும் பக்கத்தில் இல்லை. ஒரு போகத்து உழைப்பு ஐந்து நிமிடத்திற் போயிற்று. அவ்வீட்டார் அதைப் பல நாள் வெளியே சொல்லவேயில்லை. ஊர் சிரிக்கும் என்ற வெட்கந்தான் காரணம்.

படிப்பறிவு குறைந்தவர்களே இவ்வாறு ஏமாறுவர் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். ஒரு நாட்டின் மத்திய வங்கியே ஏமாந்த கதை உண்டு. அதில் நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை வெளியே அனுப்பும்படி 35 போலிக் கட்டளைகள் சென்றன. மறுநாள் வெள்ளி, டாக்காவில் வார விடுமுறை. டாக்காவில் வங்கி திறந்தபோது நியூயோர்க்கில் விடுமுறை. திருடர் நாட்களை எண்ணியே வந்திருந்தனர். பெரும்பாலான கட்டளைகள் தடுக்கப்பட்டபோதிலும் ஐந்து நிறைவேறிவிட்டன. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குச் சென்று, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. 2 கோடி டொலர் இலங்கைக்கு வந்தது.

இவ்வளவு காவலுள்ள வங்கிக்குள் திருடர் நுழைந்தது எவ்வாறு? அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் சாட்டிய குற்றத்தின்படி, வேலை கேட்டு எழுதப்பட்டவை போன்ற மின்னஞ்சல்கள் முந்திய ஆண்டே வங்கி ஊழியருக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவற்றிலிருந்த இணைப்பை யாரோ அழுத்தியதுதான் தொடக்கம். பூட்டு உடைக்கப்படவில்லை; கதவு உள்ளிருந்தே திறக்கப்பட்டது.

இலங்கைக்கு வந்த பணம் தப்பிய விதமோ மாணவர்கள் மனத்திற் பதிக்க வேண்டியது. பெறுபவரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையுடன் இருந்தது. இடையிலிருந்த ஜேர்மன் வங்கி விளக்கம் கேட்டது. தொகை வழக்கத்துக்கு மிஞ்சியது என்று கொழும்பிலிருந்த வங்கியும் ஐயுற்றது. பணம் திரும்பிச் சென்றது. யாரோ ஒருவர் அவசரப்படாமல் ஒரு சொல்லை நின்று வாசித்தார். 2 கோடி டொலர் பிழைத்தது!

கணினிக் குற்றங்களின் வேடங்கள் பல. வங்கிக்காரர் போன்ற குரல் ஒன்று. வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது, தீர்வை கட்டுங்கள் என்ற செய்தி மற்றொன்று. கனடாவிலுள்ள மைத்துனரின் வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவர் பெயரிலேயே அவசரக் கடன் கேட்பதும் உண்டு. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பதும் உண்டு. 2017 மே மாதத்தில் பிரித்தானிய வைத்தியசாலைகளையே அது திகைக்க வைத்தது. பெண்பிள்ளைகளின் படங்களைத் திரித்து மிரட்டுவது இவற்றிலெல்லாம் கொடியது. கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் நாட்டு இளைஞர் பலர், மியன்மாரின் மியாவதியில் அடைக்கப்பட்டுப் பிறரை ஏமாற்றும் தொழிலுக்கே வற்புறுத்தப்பட்டனர். 2023, 2024ஆம் ஆண்டுகளில் அவர்களிற் பலர் மீட்கப்பட்டனர்.

வேடங்கள் பலவாயினும் ஆயுதம் ஒன்றே: அவசரம். "இன்றே", "இப்போதே", "ஒருவருக்கும் சொல்லாமல்" என்ற சொற்கள் காதில் விழுந்தால், அங்கே திருடன் நிற்கிறான் என்று கொள்ளலாம். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அழைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்திலுள்ள இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்கவேண்டும். உறவினர் பணம் கேட்டு எழுதினால் அவர் குரலைக் கேட்ட பின்பே அனுப்பவேண்டும். கடவுச்சொல் ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறாக இருக்கட்டும். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு அன்றோ? தொலைபேசியும் கணினியும் புதுப்பிப்புக் கேட்கும்போது தள்ளிப்போடலாகாது. 2017இல் அகப்பட்டவற்றிற் பெரும்பாலானவை புதுப்பிக்கப்படாத கணினிகளே.

ஏமாந்துவிட்டால்? முதலில் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்தவேண்டும். பின்பு பொலிஸாரிடம் முறையிடவேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென்றே நம் நாட்டில் உள்ளது. முதல் மணித்தியாலத்தில் வாய் திறப்பவருக்கு ஓரளவேனும் நம்பிக்கை உண்டு. வெட்கத்தால் மூடிய வாய் திருடனுக்கே காவல்.

ஆகவே வீட்டிலுள்ள பெரியோரிடமும் பெற்றோரிடமும் நாம் ஒன்று வேண்டுகிறோம். பணம் இழந்தவரையும், படத்தால் மிரட்டப்பட்டுக் கலங்கி நிற்கும் பிள்ளையையும் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சியே பலர் மௌனமாகிறார்கள். மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இன்று மாலை அப்பு, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அந்த ஆறு இலக்கங்கள் யாவை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும் வேளையிலுந்தான் அந்தத் தொலைபேசி ஒலிக்கும்.