வளர்ப்புப் பிராணியும் ஓர் அமானிதம்

தன் பசியையும் பிணியையும் எடுத்துச் சொல்ல நாவற்ற உயிர்களை ‘வாயில்லா ஜீவன்’ என்று நம் முன்னோர் அழைத்தனர். ஆயினும் அவற்றின் முறையீடு வீணாவதில்லை. மதீனாவில் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் உகுத்தது. பெருமானார் அதனைத் தடவி ஆறுதலளித்தார்கள். பின்னர் அதற்கு உரியவர் யார் என வினவினார்கள். முன்வந்த இளைஞரிடம், அல்லாஹ் உமக்கு உடைமையாக்கிய இப்பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்றும், நீர் இதனைப் பட்டினியால் வாட்டுவதாக இது முறையிடுகிறது என்றும் கண்டித்தார்கள். அபூதாவூதில் பதிவான நபிமொழி இது.

உரியவர் யார் என்ற அக்கேள்வி நம் காலத்துக்கும் உரியது. கால்நடை மருத்துவத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில், அதனைச் சென்னை நகரத்து முஸ்லிம் இல்லங்களின் முன் வைக்க விழைகிறேன்.

மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளில் பூனை தன் விருப்பம்போல் வரும், போகும். எலி பிடித்துத் தின்னும். மீன் கழுவுமிடத்தில் காத்து நிற்கும். பூனைகள் உங்களைச் சுற்றி வருபவை, அசுத்தமானவை அல்ல என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதற்கு அவ்வீடுகளே விளக்கமாக இருந்தன. இன்று அடையாறிலும் தியாகராய நகரிலும் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில், கதவு சாத்திய அறைக்குள் பாரசீகப் பூனை வளர்கிறது. அது தானே இரை தேட முடியாது. நிழலும் தண்ணீரும் தேடிச் செல்ல முடியாது.

பூனையை அடைத்து வைத்துச் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற அதனை மறுமுறை ஊன்றி நோக்குக. அவள் அதற்கு உணவும் நீரும் தரவில்லை. பூமியில் உள்ள சிற்றுயிர்களை அது தானே தேடித் தின்ன விடவுமில்லை. இரண்டு வழிகளையும் ஒருங்கே அடைத்ததே அவளை நரகில் சேர்த்தது. ஆகவே, ஒரு வழியை நாம் அடைத்துவிட்டால் மற்றொரு வழி முழுமையாக நம் கடமையாகிறது. அடைத்து வளர்ப்பவர் அவ்வுயிரின் உணவுக்கும் நீருக்கும் மருந்துக்கும் பொறுப்பேற்றவர் ஆவார்.

இக்கடமையை அன்பு மட்டும் நிறைவேற்றிவிடாது, அறிவும் வேண்டும். பூனைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்போர் உண்டு. நமக்கு நிவாரணமாகும் அம்மாத்திரை பூனைக்கு நஞ்சு, உயிரையே குடித்துவிடும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி முயன்றும் வராமல் தவித்தால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் மரணம் நேரும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. தூய நீரே போதும். பிணிக்கு மருந்து தேடுங்கள் என்பது நபிவழி. பிறர் வாயிலாகவே மருந்து பெற வேண்டிய உயிர்க்கு அதனைத் தேடித் தருபவர் அதனை வளர்ப்பவரன்றி வேறு யார்?

நோயுற்றாலோ முதுமையடைந்தாலோ பிராணியைச் சாக்கில் கட்டிக் கடற்கரையிலும் பூங்காவிலும் விட்டு வருவோரும் இருக்கின்றனர். “அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்பது அவர்கள் கூறும் சமாதானம். தமிழகக் கடலோர முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660-இல் மறைந்தவர்கள். பிராணிகளுக்கு மனிதன் செய்ய வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்திய அவர்கள், முதுமையாலும் நோயாலும் பயன் தராத நிலை எய்தினாலும் அதற்குச் செலவு செய்தாக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அவ்வாறிருக்க, நம் கடமையைக் கைகழுவிவிட்டு இறைவன் பெயரைச் சொல்வது தவக்குல் ஆகாது.

நாட்டுச் சட்டமும் இதனைக் குற்றம் என்கிறது. அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வளர்ப்பவர் உணவும் நீரும் இருப்பிடமும் தராதிருப்பதையும், பசியால் வாடும்படி கைவிடுவதையும் அச்சட்டம் தடை செய்கிறது. முதற் குற்றத்துக்கு அது விதித்த அபராதமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! அதற்கு அஞ்சித் திருந்துவோர் எத்தனை பேர்? மறுமையின் விசாரணையை நம்பும் நாம் அந்த ஐம்பது ரூபாயைக் கணக்கிட்டு நடப்பவர்களாக இருக்கக்கூடாது.

நாயைப் பற்றியும் தெளிவு தேவை. வேட்டை, மந்தை, பயிர்க் காவல் போன்ற தேவையின்றி நாய் வளர்ப்பதை நபிமொழிகள் தடுக்கின்றன. ஷாபிஈ மத்ஹபில் அது கடும் நஜீஸ். ஆனால், நஜீஸ் என்ற சட்டம் கல்லெறிய அளித்த அனுமதியன்று. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் அதே நபியின் வாக்கேயாகும். தெருவோரத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைப்பதால் எவருடைய தொழுகையும் கெடாது.

நாயோ பூனையோ கடித்தால், நாயின் விஷயத்தில் மார்க்கம் கூறும் ஏழு முறை கழுவுதலுடன் நின்றுவிடலாகாது. அது தூய்மைக்கான சட்டம். வெறிநோய்க்கான சிகிச்சை வேறு. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றியபின் அந்நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே வளர்ப்பு நாய், பூனைகளுக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் அடுத்த ஊசிகளும் போடுவது அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்தும் ஹக்கும் ஆகும்.

வெள்ளிக்கிழமை தோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் பறவைகளையும் முயல்களையும் கண்டு பிள்ளைகள் கேட்டு அழுவர். தந்தையர் சற்றே நிதானிக்க வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மற்றவற்றை வாங்குமுன், இதன் ஆயுள் எத்தனை ஆண்டு, ஊருக்குச் செல்லும் நாளில் தீனி வைப்பவர் யார், நோயுற்றால் செலவுக்கு வழி என்ன என்று வினவுக. விடை இல்லையேல் வாங்காதிருப்பதே தக்வா. மனிதர் பசித்திருக்கையில் பிராணிக்குச் செலவா எனக் கேட்போருக்கும் இதுவே பதில்: வளர்த்தே தீர வேண்டும் என்று எவர்மீதும் கடமையில்லை, வளர்க்கத் துணிந்தபின் கடமையிலிருந்து விடுதலையுமில்லை.

நம் பொறுப்பில் தரப்பட்ட ஒவ்வோர் உயிர் குறித்தும் நாளை நாம் விசாரிக்கப்படும்போது தலை குனியாத நிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.