வாரண்டி முடிஞ்சா வாயை மூடணுமா?

நம் ஆட்டோமொபைல் பாடத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டுகிறார். வாரண்டி கிலோமீட்டரைத் தாண்டி 900தான் ஓடியிருக்கும், பவர் ஸ்டியரிங் மோட்டார் போச்சு. "வாரண்டி முடிஞ்சிருச்சுண்ணே, 34 ஆயிரம் ஆகும்" என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அப்பா மறுபேச்சு பேசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் தோட்டைக் கேட்டார். எழுத்துன்னா அவருக்குப் பயம்.

பழைய ஜாப் கார்டுகளைப் புரட்டினேன். இரண்டு மாதம் முன்பு, வாரண்டி இருந்தபோதே, "ஸ்டியரிங் கனமாக உள்ளது" என்று அப்பா சொன்னது பதிவாகியிருந்தது! பார்த்தாச்சு, சரியாக இருக்கு என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நகலோடு எல்லா சர்வீஸ் பில்லையும் இணைத்துக் கம்பெனிக்கே கடிதம் எழுதினேன். (ஒரு சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலும் கேட்க வாய் இருந்திருக்காது.) மூன்றாம் வாரம் பதில் வந்தது: பாகம் கம்பெனி செலவு, கூலி நம்முடையது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'குட்வில்'. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ தர்மம் போடுவதுபோல இருக்கிறது. வாரண்டிக்குள் சொன்ன குறைதானே அது? மறுத்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியிருப்பேன். டாக்ஸி வியாபார வண்டியாச்சே என்பார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

இப்போதெல்லாம் அப்பா ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வகுப்பு நேரத்தில்தான் அனுப்புவார்.