தள்ளுவண்டியில் குழந்தை, தரையெல்லாம் ரத்தம்

எழுபதைத் தாண்டிய மனுஷர் பார்க்கிற படமா இது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம். எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண ஆரம்பித்தவன் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஆனால் படத்தை விடவில்லை. மறுநாள் மத்தியானம் இன்னொரு தடவையும் பார்த்தேன்.

1972-ல் வந்த ஜப்பானியப் படம். 'தனி ஓநாயும் குட்டியும்' என்ற வரிசையில் இரண்டாவது. கசுவோ கொய்கே எழுதி கோசேகி கொஜிமா வரைந்த சித்திரக்கதைதான் மூலம். மொத்தம் 6 படங்கள், அதில் 4 அந்த ஒரே வருஷத்தில் வெளிவந்துவிட்டன. என்ன அவசரத்தில் எடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் கென்ஜி மிசுமி.

கதாநாயகன் ஒகாமி இட்டோ, ஷோகனிடம் உத்தியோகம் பார்த்தவன். என்ன உத்தியோகம்? தற்கொலை செய்துகொள்ளும்படி உத்தரவான பிரபுக்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டதும், வேதனை நீளாமல் கழுத்தை வெட்டிவிடுவது. யாக்யூ கூட்டத்தார் சூழ்ச்சி செய்து அவன் மனைவியைக் கொன்று, ராஜத்துரோகப் பழியையும் அவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். கைக்குழந்தை டைகோரோவை மரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக்கொண்டு, 500 ரியோ பொன் கூலிக்குக் கொலை செய்பவனாக ஊர் ஊராக அலைகிறான். கிளம்புமுன் குழந்தை முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் அம்மா போன இடத்துக்கு அனுப்பிவிடுவது, வாளைத் தொட்டால் கூட்டிக்கொண்டு போவது. குழந்தை வாளைத் தொடுகிறது. இது முதல் படத்தில் வருகிறது.

இரண்டாவது படத்தின் கதை ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். ஷிகோகு தீவில் இருக்கும் அவா நாடு அவுரி நீலச் சாயத்தால் செழித்த சீமை (இது நிஜச் சரித்திரம்). அந்தச் சாய ரகசியத்தை ஒருவன் ஷோகன் அரசுக்கு விற்கப் போகிறான், அவனைத் தீர்த்துக்கட்ட வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெட்டுக்குத்து. முள்ளங்கி கழுவிக்கொண்டிருக்கும் பெண்கள் திடீரென்று கொலைகாரிகளாகப் பாய்கிறார்கள். தள்ளுவண்டியின் சக்கரத்திலிருந்து கத்தி நீள்கிறது. சாய வியாபாரிக்குக் காவலாக வரும் மூன்று சகோதரர்களில் ஒருவன் கையில் இரும்பு நகம் மாட்டியிருக்கிறான். மணல்மேட்டில் நடந்துகொண்டே போகிறவன் சும்மா மணலுக்குள் கையை விடுகிறான், அடியில் ஒளிந்திருந்தவனின் ரத்தம் ஊற்றாக மேலே வருகிறது. ரத்தம் என்றா சொன்னேன்? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஓட்டை விழுந்த மாதிரி பீய்ச்சுகிறது. நிறம் குங்குமத்தைக் கரைத்த நிறம்.

எனக்கு இதில் உறுத்தல் வராததற்குக் காரணமே இந்த மிகைதான். இப்போது வரும் படங்களில் ஒருவனை அடித்தால் எலும்பு முறியும் சத்தம் நம் காதுக்குள் கேட்கிறது, இரண்டு நாள் தூக்கம் போகிறது. இங்கே அந்த ஏமாற்று வேலை இல்லை. இது கூத்து என்று முதல் வெட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். கடைசிச் சகோதரன் கழுத்தில் வெட்டுப்பட்டு, அந்தக் காயம் குளிர்காலக் காற்று மாதிரி விசில் அடிப்பதைத் தானே ரசித்துக்கொண்டு சாகிறான். சிரிப்பதா நடுங்குவதா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண்கள் தங்கள் திறமையைக் காட்ட ஒரு ஆளை அங்கம் அங்கமாக வெட்டும் காட்சி ஒன்று இருக்கிறது. அது வேண்டாத காட்சி. இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தனை திறமைசாலிகளும் நம்ம ஆளிடம் வந்தால் வாழைமட்டையாகச் சாய்வதும் பொருந்தவில்லை.

ஆனால் அந்தக் குழந்தை இருக்கிறானே! அப்பா காயம்பட்டு மயங்கிக் கிடக்கிறார். பொடியன் போய்க் கையில் தண்ணீர் அள்ளி வருகிறான். வந்து சேர்வதற்குள் ஒழுகிவிடுகிறது. பிறகு வாயில் நிரப்பிக்கொண்டு வந்து அப்பாவின் வாயில் விடுகிறான். பசிக்கு வழியோரப் புத்தச் சிலை முன்னால் யாரோ படைத்த பண்டத்தை எடுக்கிறான். சும்மா எடுக்கவில்லை, தன் மேல்சட்டையைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு எடுக்கிறான். வசனமே கிடையாது.

இன்னொரு இடம். எதிரிகள் டைகோரோவைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்கு மேலே தொங்கவிட்டு, வாளைக் கீழே போடு என்கிறார்கள். தந்தை அசையவில்லை. தொங்குகிற பையன் ஒரு காலின் செருப்பை உதறுகிறான். அது தண்ணீரில் விழும் சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துக் கிணற்றின் ஆழத்தை அப்பா கணக்குப் போட்டுக்கொள்கிறார். கயிறு ஓடி முடிவதற்குள் வேலையை முடித்துப் பிடித்துவிடலாம் என்று. நம்பத்தகுந்ததா? சுத்தமாக இல்லை. எனக்குக் கண் கலங்கியது. பிள்ளையை மடியில் தூக்கிக் கொஞ்சாத அப்பாக்கள் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் செருப்புச் சத்தம் என்னவென்று புரியும். என் அப்பாவும் அதிகம் பேசாதவர்தான். ஆனால் சைக்கிளில் போகும்போது பின்சக்கரத்தில் என் கால் சிக்காமல் இருக்கிறதா என்று ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

இட்டோவாக நடித்த டொமிசாபுரோ வகயாமாவையும் சொல்ல வேண்டும். குருட்டு வாள்வீரன் ஜாடோய்ச்சியாகப் புகழ்பெற்ற ஷின்டாரோ கட்சுவின் அண்ணன். தம்பிதான் இந்தப் படத்தைத் தயாரித்தவரும். நாற்பதைத் தாண்டிய, தொப்பை தெரிகிற, கன்னம் தொங்குகிற ஆள். சிக்ஸ் பேக் எல்லாம் கிடையாது. வாளை உருவினால் மட்டும் அந்த உடம்பு எங்கே போகிறதென்று தெரியவில்லை. வெட்டி முடித்ததும் மறுபடி களைத்த முகம், மறுபடி வண்டியைத் தள்ளுகிறார்.

பார்ப்பதாக இருந்தால் ஜப்பானிய மொழியிலேயே, கீழே எழுத்தோடு பாருங்கள். முதல் இரண்டு படங்களையும் வெட்டி ஒட்டி 1980-ல் அமெரிக்காவில் 'ஷோகன் அசாசின்' என்று ஒன்று விட்டார்கள். அதில் குழந்தையே ஆங்கிலத்தில் கதை சொல்கிறான். அவன் வாயே திறக்காமல் இருப்பதுதான் படத்தின் அழகு, அதைப் போய்க் கெடுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போட வேண்டாம்.

மூன்றாவது படத்தில் தள்ளுவண்டிக்குள் துப்பாக்கியே இருக்கிறதாம். அடுத்த வாரம் வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.